முதியோர் இல்லங்களைக் கேட்பார் யார்?

தலைநகர் தில்லியை ஒட்டியுள்ள நொய்டாவில், 2025 ஜூன் மாதம், முதியோர் இல்லம் ஒன்றில் உத்தரப் பிரதேச மாநில மகளிர் ஆணையம் திடீர்ச் சோதனை நடத்தியது. கைகள் கட்டப்பட்ட நிலையில் மூதாட்டி, பூட்டிய அறைகளுக்குள் அடைக்கப்பட்ட முதியவர்கள், உடுக்க ஒழுங்கான ஆடையின்றிக் கிடந்தவர்கள் என்று அங்கிருந்து 39 பேர் மீட்கப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. அவர்களில் பலர் நாதியற்றவர்களும் அல்லர். பிள்ளைகள் நன்கொடை என்றும் மாதக் கட்டணம் என்றும் பணம் செலுத்திச் சேர்த்துவிட்டுச் சென்றவர்கள்.

இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு. அந்த இல்லத்தின் அவலத்தை வெளிக்கொணர்ந்தது எந்த அரசுத் துறையின் வழக்கமான ஆய்வும் அல்ல. யாரோ எடுத்த ஒரு காட்சிப்பதிவு சமூக ஊடகங்களில் பரவிய பின்னரே அதிகாரிகள் கதவைத் தட்டினார்கள். காட்சிப்பதிவு வெளியாகாத இல்லங்களின் நிலை என்ன என்ற கேள்விக்கு, மத்திய அரசிடமும் மாநில அரசுகளிடமும் இன்றுவரை தெளிவான விடை இல்லை.

இந்தியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் பெறவும், பராமரிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தைத் திரும்பப் பெறவும் அச்சட்டம் வழி செய்தது. வழக்கறிஞர் உதவியின்றித் தீர்ப்பாயத்தை நேரில் அணுகும் வசதியும் அதில் உண்டு. அந்த வகையில் அது வரவேற்கத்தக்க முன்னேற்றமே.

ஆனால் முதியோர் இல்லங்கள் குறித்துப் பேசும் 19ஆவது பிரிவுக்கு வரும்போது சட்டத்தின் குரல் தணிந்துவிடுகிறது. ஆதரவற்ற முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லம், மாவட்டத்துக்கு ஒன்றேனும் என்ற அளவில் தொடங்கி, படிப்படியாக மாநில அரசு ‘அமைக்கலாம்’ என்கிறது அப்பிரிவு. ‘அமைக்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. இல்லங்களில் கடைப்பிடிக்க வேண்டிய தரம், மருத்துவ வசதி, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கான திட்டத்தையும் மாநில அரசு ‘வகுக்கலாம்’. இந்த ‘லாம்’ என்ற இரண்டெழுத்தின் நிழலில்தான் கடந்த பதினெட்டு ஆண்டுகளாக மாநில அரசுகள் இளைப்பாறி வருகின்றன.

இந்தப் பிரிவை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருந்தாலும் கிடைத்திருக்கக்கூடியது எவ்வளவு? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாட்டில் 640 மாவட்டங்கள் இருந்தன. மாவட்டத்துக்கு 150 பேர் வீதம் கணக்கிட்டால் 96,000 பேருக்கு இடம். அதே கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடியே 38 லட்சம் பேர். அதாவது ஆயிரம் முதியவர்களில் ஒருவருக்குக்கூட முழுதாக இடம் கிடையாது. எல்லா முதியோருக்கும் இல்லம் தேவைப்படுவதில்லை என்பது உண்மை. என்றாலும் தேவைக்கும் ஏற்பாட்டுக்கும் உள்ள இடைவெளியை இந்தக் கணக்கு உணர்த்தும்.

இடைவெளி குறையப் போவதுமில்லை. ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் மக்கள்தொகையில் 10.5 விழுக்காடாக இருந்த முதியோர் பங்கு 2050இல் 20.8 விழுக்காடாக உயரும். ஐந்து பேரில் ஒருவர் முதியவராக இருப்பார். கேரளமும் தமிழ்நாடும் இந்த மாற்றத்தை ஏற்கெனவே சந்தித்து வருகின்றன. 2011 கணக்கெடுப்பிலேயே கேரளத்தில் முதியோர் பங்கு 12.6 விழுக்காடாகவும் தமிழ்நாட்டில் 10.4 விழுக்காடாகவும் இருந்தது. நாட்டின் சராசரியோ 8.6 விழுக்காடு. பிள்ளைகள் வேலை தேடி வெளியூரும் வெளிநாடும் சென்றுவிட்ட வீடுகளில், கணவனை இழந்து தனித்திருக்கும் மூதாட்டிகளே மிகுதி. அரசு இல்லம் இல்லாத இடத்தில் தனியார் இல்லம் முளைக்கிறது. அது தொண்டு நிறுவனமாகவும் இருக்கலாம், வணிகமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இடையே வேறுபாடு காண வழியில்லை என்பதே சிக்கல்.

இதில் ஒரு விந்தை உண்டு. குழந்தைகளைத் தங்கவைக்கும் எந்த இல்லமும் 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின்படி கட்டாயமாகப் பதிவு செய்யப்பட வேண்டும். தவறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் உண்டு. மாற்றுத் திறனாளிகளுக்கான நிறுவனங்களுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டமும், மனநலக் காப்பகங்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டமும் பதிவைக் கட்டாயமாக்கியுள்ளன. தன்னால் பேசவோ எதிர்க்கவோ இயலாதவரைப் பிறர் பொறுப்பில் ஒப்படைக்கும்போது அரசின் கண் அங்கே இருக்க வேண்டும் என்பதே இச்சட்டங்களின் அடிப்படை. முதியோர் இல்லங்களுக்கு மட்டும் அப்படியொரு மத்தியச் சட்டக் கட்டாயம் இல்லை. சில மாநிலங்கள் விதிகளையும் அரசாணைகளையும் பிறப்பித்துள்ளன. ஆனால் ஒரு மாநில எல்லையைக் கடந்தால் விதி மாறுகிறது அல்லது மறைகிறது. நடக்க முடியாத, நினைவு தப்பிய எண்பது வயது மூதாட்டி ஒரு குழந்தையைக் காட்டிலும் எந்த வகையில் பாதுகாப்பாக இருக்கிறார்?

கட்டிவைத்தல் என்ற கொடுமையையே எடுத்துக்கொள்வோம். தமிழக வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள் பலியாயின. உச்ச நீதிமன்றம் தாமாகவே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடை செய்துள்ளது. நோயாளி தமக்கோ பிறருக்கோ உடனடித் தீங்கு விளைவிக்கக்கூடும் என்ற நிலையில் மட்டுமே, மருத்துவரின் ஒப்புதலோடு, பதிவேட்டில் எழுதிவைத்து, கட்டுப்படுத்த இயலும். ஊழியர் பற்றாக்குறையைக் காரணம் காட்டி ஒருவரைக் கட்டிவைக்கக் கூடாது என்றும் அச்சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது.

முதியோர் இல்லங்களில் கட்டிவைப்பதற்குச் சொல்லப்படும் காரணமே ஊழியர் பற்றாக்குறைதான். இரவில் எழுந்து நடக்கிறார், கீழே விழுந்துவிடுவார், வெளியே போய்விடுவார், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பார்கள். மறதிநோயால் பாதிக்கப்பட்ட முதியோர் தங்கும் இல்லம் மனநலச் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறதா என்பதை நடைமுறையில் யாரும் கேட்பதில்லை. 60 வயதைக் கடந்த இந்தியர்களில் சுமார் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டுள்ளது. மனநலக் காப்பகத்தில் குற்றமாகக் கருதப்படும் செயல், முதியோர் இல்லத்தில் ‘பாதுகாப்பு நடவடிக்கை’ என்ற பெயரில் நடந்துவருகிறது.

இந்தக் குறைகளை மத்திய அரசு அறியாமல் இல்லை. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாயிற்று. ஜீவனாம்சத்துக்கான 10,000 ரூபாய் வரம்பை நீக்கவும், மருமகன், மருமகளையும் பொறுப்பாக்கவும் அது முனைந்தது. முதியோர் இல்லங்களுக்கும் வீட்டுக்கே வந்து பராமரிக்கும் நிறுவனங்களுக்கும் பதிவைக் கட்டாயமாக்கி, உணவு, கட்டமைப்பு, மருத்துவ வசதி ஆகியவற்றில் குறைந்தபட்சத் தரத்தை மத்திய அரசே வகுக்க வேண்டும் என்றது. மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. குழு 2021 ஜனவரியில் அறிக்கை அளித்தது. அதன்பின் மூன்றாண்டுகளுக்கும் மேலாக அந்த மசோதா நிறைவேற்றப்படவில்லை. 2024இல் 17ஆவது மக்களவை கலைக்கப்பட்டதோடு அது காலாவதியாயிற்று. எத்தனையோ மசோதாக்கள் ஒரே நாளில், சில வேளைகளில் சில நிமிடங்களில், கூச்சலுக்கிடையே நிறைவேறிய அதே அவையில்தான் இது நடந்தது. எதிர்க்கட்சிகள் கடுமையாக எதிர்த்த மசோதாவும் அன்று அது. அவையில் எவரும் எதிர்க்காத மசோதாவுக்கு நேரம் கிடைக்காமல் போனதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். அதற்காக அவசரப்படுத்துவார் யாருமில்லை.

அந்த மசோதாவும் குறையற்றதன்று. மாநில அரசு இல்லங்களை அமைப்பது பற்றிய பழைய ஏற்பாட்டை எடுத்துவிட்டு, அரசோ தனியாரோ அமைக்கலாம் என்ற பொதுவான வாசகத்தை அது சேர்த்தது. பதிவும் தரமும் வந்திருக்கும். ஆனால் ஏழை முதியவருக்கு இடம் தரும் பொறுப்பிலிருந்து அரசு சற்று ஒதுங்கியிருக்கும். பணம் உள்ளவர்களுக்கான இல்லங்களின் தரத்தைச் சந்தையே ஓரளவு பார்த்துக்கொள்ளும். பணம் இல்லாதவர்களுக்கு அரசைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. எனவே புதிய மசோதா எந்த வடிவில் வந்தாலும், இரண்டும் ஒருசேர இருந்தாக வேண்டும்.

நீதிமன்றம் தன் கடமையைச் செய்திருக்கிறது. முன்னாள் மத்திய சட்ட அமைச்சர் அஸ்வனி குமார் தொடுத்த பொதுநல வழக்கில், 2018 டிசம்பர் 13 அன்று நீதிபதிகள் மதன் லோகுர், தீபக் குப்தா அமர்வு தீர்ப்பளித்தது. கண்ணியத்தோடு வாழ்வதும், உறைவிடமும், மருத்துவ வசதியும் முதியோரின் வாழ்வுரிமையில் அடங்கியவை என்று அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள முதியோர் இல்லங்களின் எண்ணிக்கை உள்ளிட்ட விவரங்களை மாநிலங்களிடமிருந்து திரட்டுமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டம் வந்து பதினோரு ஆண்டுகள் கழித்து, எத்தனை இல்லங்கள் உள்ளன என்று எண்ணிப் பார்க்கவே நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது என்பதைக் காட்டிலும் பெரிய குற்றப்பத்திரிகை வேறு தேவையில்லை.

பொறுப்பை மாநிலங்கள் மீது தள்ளிவிடுவது தில்லிக்கு எளிது. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில், மாற்றுத் திறனாளிகளுக்கும் உழைக்க இயலாதோருக்கும் நிவாரணம் வழங்குவது மாநிலப் பட்டியலில் இருப்பது உண்மை. ஆனால் சமூகப் பாதுகாப்பு பொதுப் பட்டியலில் உள்ளது. முதுமையில் அரசின் உதவியைப் பெறும் உரிமையைப் பற்றி 41ஆவது பிரிவு பேசுகிறது. மத்திய அரசு எவ்வளவு தூரம் அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறது என்பதற்கு ஓய்வூதியமே சான்று. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் 60 முதல் 79 வயது வரையிலான ஏழை முதியவருக்கு மத்திய அரசு தருவது மாதம் 200 ரூபாய். 80 வயதைக் கடந்தால் 500 ரூபாய். 2007இலும் அந்தத் தொகை 200 ரூபாய்தான். நாளொன்றுக்கு ஏழு ரூபாய்கூட வராது. இத்தொகையை உயர்த்துமாறு நாடாளுமன்ற நிலைக்குழு மீண்டும் மீண்டும் பரிந்துரைத்தும் பயனில்லை. மாநில அரசுகள் தத்தம் பங்கைச் சேர்த்துத் தருவதால்தான் முதியோர் ஓய்வூதியம் என்ற பெயருக்கே பொருள் இருக்கிறது.

2021 முதல் நடைமுறையில் உள்ள அடல் வயோ அப்யுதய் திட்டத்தின்கீழ், தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இல்லங்களுக்கு மத்திய அரசு மானியம் தருகிறது. 25 பேர் தங்கும் சிறிய இல்லங்களுக்கும் அதில் இடம் உண்டு. சட்டம் 150 பேர் என்கிறது, திட்டம் 25 பேருக்கும் இடம் தருகிறது. இந்த வேறுபாட்டில் ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது. 150 பேரை ஒரே கூரையின்கீழ் அடைப்பது நிர்வாகத்துக்கு எளிது. அங்கே வசிப்பவருக்கு அது விடுதியாகவோ மருத்துவமனை வார்டாகவோதான் இருக்கும். சொந்த ஊருக்கு அருகே, தெரிந்த முகங்கள் வந்துபோகும் தொலைவில், சிறிய இல்லங்கள் பல இருப்பதே முதியோருக்கு நல்லது. ஊர்க்கோயில் திருவிழாவும் அண்டை வீட்டுத் திருமணமும் எட்டும் தொலைவில் இருந்தால் பாதி நோய் வராது.

இல்லங்களின் தரத்தைக் கட்டில்களின் எண்ணிக்கையால் அளக்கும் பழக்கமும் மாற வேண்டும். கண்ணியம் சிறிய விஷயங்களில்தான் இருக்கிறது. குளிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்ள முடிகிறதா? தமக்கென்று பூட்டும் சாவியும் உள்ள ஒரு பெட்டியேனும் உண்டா? சேலையைத் தாமே தேர்ந்தெடுத்து உடுத்த முடிகிறதா, அல்லது எல்லோருக்கும் ஒரே நைட்டியா? பல் இல்லாதவருக்கும் நீரிழிவு உள்ளவருக்கும் ஒரே உணவா? இரவு கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் அழைக்க ஆள் உண்டா? படுத்த படுக்கையானவரை உரிய நேரத்தில் புரட்டிப் படுக்கவைக்கிறார்களா, படுக்கைப் புண் எத்தனை பேருக்கு இருக்கிறது? ஓய்வூதியப் புத்தகமும் வங்கி அட்டையும் யார் கையில் இருக்கின்றன? சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திட்டவர் தங்கப்போகிறவரா, அவரைக் கொண்டுவந்து விட்டவரா? இக்கேள்விகளில் ஒன்றுக்குக்கூடப் பெரும் பணம் தேவையில்லை. கேட்பதற்கு ஆள்தான் தேவை.

கட்டுப்பாடுகளுக்கு எதிராக இரண்டு வாதங்கள் வழக்கமாக வைக்கப்படுகின்றன. ஒன்று, முதியோர் இல்லம் என்பதே நம் பண்பாட்டுக்கு அன்னியமானது, பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை, இல்லங்களை வளர்த்தால் குடும்பம் சிதையும் என்பது. பிள்ளைகளின் கடமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் இல்லாதவர், மகளை மட்டும் பெற்றுத் தொலைவில் மணமுடித்துக் கொடுத்தவர், மகனே நோயாளியாக உள்ளவர், அன்றாடங்காய்ச்சியான மகனுக்குச் சுமையாக இருக்க விரும்பாதவர் ஆகியோருக்குப் பண்பாடு பற்றிய சொற்பொழிவு சோறு போடாது. இல்லத்தில் சேர்ந்ததை ஓர் அவமானமாகக் கருதும் மனநிலைதான், உள்ளே நடக்கும் கொடுமைகளைக் குடும்பமும் வெளியே சொல்லாமல் மூடிவைக்கக் காரணமாகிறது.

இரண்டாவது வாதம் கனமானது. நன்கொடையை நம்பி, நல்லெண்ணத்தோடு நடக்கும் சிறு இல்லங்கள் கடுமையான விதிகளைத் தாங்க மாட்டா; அவை மூடப்பட்டால் முதியவர்கள் தெருவுக்குத்தான் வருவார்கள் என்பது அது. இதில் உண்மை உண்டு. எனவேதான் விதி எழுதும் அரசே அதை நிறைவேற்றுவதற்கான பணத்தின் ஒரு பகுதியையும் தர வேண்டும். குறைபாடு கண்ட உடனே பூட்டுப் போடுவதற்கு மாறாக, திருத்திக்கொள்ளக் கால அவகாசமும், பயிற்சியும், தலைக்கு இவ்வளவு என்ற மானியமும் தரலாம். கட்டிவைத்தல், அடித்தல், பட்டினி போடுதல், பணத்தைப் பறித்தல் ஆகியவற்றுக்கு மட்டும் எந்த அவகாசமும் கூடாது. சோதனை நடத்தி இல்லத்தை மூடுவதற்கு முன்பே, அங்கிருப்பவர்கள் எங்கே செல்வார்கள் என்பதற்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். நள்ளிரவில் மீட்கப்பட்டு மற்றொரு நெரிசலான இல்லத்தில் கொண்டுபோய் விடப்படுவது முதியவருக்கு இரண்டாவது தண்டனை.

பதிவு மட்டும் போதாது என்பதையும் அனுபவம் காட்டியிருக்கிறது. பிகாரின் முசாபர்பூரில் சிறுமியர் காப்பகம் அரசு நிதியில் நடந்தது. ஆனாலும் அங்கு நடந்த பாலியல் கொடுமைகளை வெளிக்கொணர்ந்தது, டாடா சமூக அறிவியல் நிறுவனம் நடத்திய சமூகத் தணிக்கை. 2018இல் அந்த அறிக்கை வெளிச்சத்துக்கு வந்தது. வழக்கு தில்லிக்கு மாற்றப்பட்டு, 2020 ஜனவரியில் 19 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. துறைக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் உள்ளே இருப்பவர்களுடன் தனியே உட்கார்ந்து பேசியதால்தான் உண்மை வெளிவந்தது. முதியோர் இல்லங்களுக்கும் இதே முறை தேவை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் முன்னறிவிப்பின்றி, வெளியாரைக் கொண்ட குழு தணிக்கை செய்ய வேண்டும். அதன் அறிக்கை இல்லத்தின் வாசலிலேயே உள்ளூர் மொழியில் ஒட்டப்பட வேண்டும். பெற்றோரைச் சேர்க்க வருபவர் அதைப் படித்துவிட்டு உள்ளே நுழையட்டும்.

அதற்கும் மேலாக, வசிப்பவர்களுக்கே குரல் வேண்டும். 2021இல் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட முதியோர் உதவி எண் 14567 பயனுள்ளதுதான். ஆனால் இல்லத்தின் ஒரே தொலைபேசி நிர்வாகியின் மேசைமீது இருக்கும்போது, அந்த நிர்வாகியைப் பற்றி யார் புகார் செய்வார்? இன்று புகார் செய்தால் நாளை உணவு தரப்போகிறவரும் அவர்தானே என்ற அச்சம் இயல்பானது. குழந்தைகள் இல்லங்களில் குழந்தைகள் குழு அமைக்க விதி இருப்பதுபோல, முதியோர் இல்லங்களிலும் வசிப்போர் குழு அமைக்கலாம். உணவுப் பட்டியல் முதல் பார்வையாளர் நேரம் வரை அதன் கருத்தைக் கேட்டே முடிவெடுக்கலாம். 2025இல் முதியோருக்கெனத் தனி ஆணையம் அமைக்கக் கேரளம் சட்டம் இயற்றியது. மற்ற மாநிலங்களும் அதைப் பின்பற்றலாம். ஆணையத்துக்கு இல்லங்களுக்குள் நுழையும் அதிகாரமும் தரலாம்.

பராமரிப்பு ஊழியர்களை மறந்துவிட்டு முதியோரின் கண்ணியத்தைப் பேசுவதில் பயனில்லை. இந்த வேலையில் பெரும்பாலோர் பெண்கள். குறைந்த ஊதியம், நீண்ட நேரப் பணி, முறையான பயிற்சியின்மை என்பவையே அவர்களின் நிலை. இரவில் ஒருவர் இருபது பேரைப் பார்க்க வேண்டியிருந்தால், எவ்வளவு இரக்கமுள்ளவரும் ஒரு கட்டத்தில் கயிற்றைத் தேடுவார். எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர் என்ற விகிதத்தைப் பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியே சட்டமே நிர்ணயிக்க வேண்டும். குறைந்தபட்ச ஊதியமும் பயிற்சிச் சான்றும் கட்டாயமாக வேண்டும். கட்டடத்தின் பளபளப்பைவிட இதுவே தரத்தின் முதல் அளவுகோல்.

2024 மக்களவைத் தேர்தலில் 85 வயதைக் கடந்தவர்களின் இருப்பிடத்துக்கே சென்று வாக்குப் பெறத் தேர்தல் ஆணையம் ஏற்பாடு செய்தது. ஒரே ஒரு வாக்குக்காக அதிகாரியும் காவலரும் ஒளிப்பதிவாளரும் படியேறிச் செல்லும் நாடு இது. அந்த அக்கறை பாராட்டத்தக்கது. வாக்குப் பெறச் செல்ல முடிந்த கதவுகளுக்குள், அடுத்த ஐந்தாண்டுகளில் ஒருமுறையேனும் நலம் விசாரிக்கவும் செல்ல முடியும்.

முதலில் செய்ய வேண்டியவை மிகுதியில்லை. காலாவதியான மசோதாவை அரசுப் பொறுப்பையும் சேர்த்துப் புதுப்பித்துக் கொண்டுவர வேண்டும். 19ஆவது பிரிவில் ‘அமைக்கலாம்’ என்பது ‘அமைத்தாக வேண்டும்’ என மாற வேண்டும். பதிவு, வெளிப்படையான தணிக்கை, ஊழியர் விகிதம், கட்டிவைக்கத் தடை ஆகிய நான்கும் சட்டத்திலேயே இடம்பெற வேண்டும். 200 ரூபாய் ஓய்வூதியத்தை விலைவாசியோடு இணைக்க வேண்டும். இவற்றில் எதற்கும் அரசியல் சாசனத் திருத்தமோ மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோ தேவையில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களில் பலர் 60 வயதைக் கடந்தவர்கள். மற்றவர்களும் ஒருநாள் கடக்கப் போகிறவர்கள். தங்களுக்காக இல்லாவிட்டாலும், தங்களைத் தேர்ந்தெடுத்தவர்களுக்காக, அடுத்த கூட்டத்தொடரில் அரைநாள் ஒதுக்க அவர்களுக்கு மனம் வருமா?